ராணுவத் திட்டங்களின் செலவைத் தொகுப்பாகக் கணக்கிடுவது: ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "சி.எம்.ஏ. (செலவு, மேலாண்மைக் கணக்கியல் படிப்பு) முடித்து, அரசுத் துறைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சென்னை நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். ராணுவக் கொள்முதல் திட்டங்கள் முப்பது, நாற்பதை ஒரே தொகுப்பாக வைத்துச் செலவு மாடல் ஒன்று போடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி மதிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. அதையெல்லாம் கூட்டினால் போதாதா? இந்த மாடலை வைத்து யாராவது உண்மையிலேயே முடிவெடுப்பார்களா?"

போதாது. கூட்டிப் பார்ப்பது முதல் வேலைதான். ஆனால் மொத்தம் ஒரே எண்ணாக வந்து நிற்கும்போது இரண்டு விஷயங்கள் அதற்குள் மறைந்துபோகின்றன. பணம் எந்த வருஷம் கையை விட்டுப் போகும் என்பது ஒன்று. அந்த எண் எவ்வளவு தூரம் ஏறக்கூடும் என்பது இன்னொன்று. ராணுவச் செலவில் நெருக்கடி வந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இடறியிருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் காட்டுகிற மாடலை வைத்து முடிவெடுப்பார்கள். வெறும் மொத்தத்தைக் காட்டுகிற மாடல் கோப்பில் சேரும்.

நான் செலவுக் கணக்காளர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு விலை போட்டுக் கொடுப்பதில் ஆரம்பித்தேன். பிறகு பல வருஷம் கொள்முதல் மதிப்பீட்டு வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்தையும் சேர்த்து, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2018 மார்ச்சில் வெளியே தெரியவந்த ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். அப்போது தரைப்படையின் துணைத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் ஒரு நிலவரத்தைச் சொன்னார். 2018-19இல் தரைப்படையை நவீனப்படுத்த ஒதுக்கப்பட்ட தொகை 21,338 கோடி ரூபாய். நடந்துகொண்டிருந்த 125 திட்டங்களுக்கும் மற்றவற்றுக்குமாக அந்த வருஷம் கொடுத்தே ஆக வேண்டிய பணம் 29,033 கோடி. அதாவது, புதிதாக ஒரு துப்பாக்கிகூட வாங்காமலே 7,695 கோடி துண்டு விழுகிறது. படையிடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்றும், அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம் என்றும் அதே குழுவிடம்தான் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 125 திட்டங்களும் தனித்தனியாக ஒப்புதல் பெற்றவை என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் கோப்பு இருந்திருக்கும், மதிப்பீடு இருந்திருக்கும், நிதி ஆலோசகரின் ஒப்பம் இருந்திருக்கும். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. எல்லாவற்றின் தவணையும் ஒரே வருஷத்தில் வந்து விழும்போதுதான் சரியில்லை என்று தெரிகிறது. வீட்டுக்கடன், வண்டிக்கடன், நகைச்சீட்டு மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து "இது கட்டிவிடலாம்" என்று கையெழுத்துப் போட்டவருக்கு ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கில் என்ன ஆகுமோ அதேதான், கோடிகளில்.

நம் பட்ஜெட்டின் அமைப்பையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. சம்பளம், எரிபொருள், பராமரிப்பு, குண்டு தோட்டா என்று வருவாய்ச் செலவுக்குப் பெரும்பங்கு போய்விடுகிறது. மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. அதிலும் ஆராய்ச்சி, கட்டமைப்பு இவற்றைக் கழித்தால் புதிய தளவாடம் வாங்க ஒதுக்கியது சுமார் 1.49 லட்சம் கோடி. அந்தத் தொகைக்குள்ளும் முதல் பந்தி பழைய ஒப்பந்தங்களின் தவணைகளுக்குத்தான். துறையில் இதைக் கமிட்டட் லயபிலிட்டி என்பார்கள். ஒப்புக்கொண்ட பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போக மிச்சமிருப்பதில்தான் புதிய ஒப்பந்தத்தின் முன்பணம் வர வேண்டும்.

செலவாகாத பணம் மார்ச் 31 தாண்டினால் திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க முடியாது. இந்தக் கட்டை அவிழ்க்கத்தான் காலாவதி ஆகாத ஒரு நவீனமயமாக்கல் நிதியை 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. 2021-26 காலத்துக்குச் சுமார் 2.38 லட்சம் கோடி என்று அளவும் சொன்னது. அப்படி ஒரு நிதி கையில் இல்லாதவரை, தொகுப்பு மாடலில் முதலில் வர வேண்டிய பட்டியல் திட்டங்களின் விலைப்பட்டியல் அல்ல, வருஷவாரியான பணப்போக்கு. ஆகவே உங்கள் ஷீட்டில் திட்டங்கள் வரிசைகளாகவும் நிதியாண்டுகள் பத்தியாகவும் இருக்கட்டும். குறைந்தது பத்து ஆண்டு, கப்பலும் விமானமும் இருந்தால் பதினைந்து ஆண்டு.

அந்தப் பத்திகளை நிரப்பும்போது மொத்த விலையை வருஷங்களால் சமமாக வகுத்து விடாதீர்கள். பணம் அப்படிப் போவதில்லை. வாங்கும் ஒப்பந்தம் என்றால் கையெழுத்தானதும் முன்பணம், அப்புறம் மைல்கல்லுக்கு மைல்கல், கடைசியில் ஒப்படைப்பின்போது ஒரு பங்கு. உருவாக்கும் திட்டம் என்றால் ஆரம்பத்தில் மெதுவாகப் போய், நடுவில் வீங்கி, பின்னால் நீண்ட வாலாக இழுக்கும். புள்ளியியல்காரர்கள் ரேலி (Rayleigh) வளைகோடு என்று சொல்வதை இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த வடிவங்களைப் போட்டு எல்லாத் திட்டங்களையும் அடுக்கிப் பார்த்தீர்களானால், ஏதோ இரண்டு மூன்று வருஷங்களில் ஒரு முகடு எழும்பும். ஒதுக்கீடு எவ்வளவு வரலாம் என்ற கோட்டை அதன் மேல் வரைந்து பாருங்கள். முகடு கோட்டைத் தாண்டும் வருஷம் எதுவோ, அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மாடல். அந்த வருஷத்துக்கு நான்கைந்து வருஷம் முன்னால் தெரிந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. அந்த வருஷத்திலேயே தெரிந்தால் தவணை தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, வருஷம் ஆயிற்று. இனி, எண் எவ்வளவு ஏறும் என்பது.

தனித் திட்டத்துக்கு மதிப்பீடு போடும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் படித்தவைதான். இதேபோன்ற பழைய திட்டத்தை வைத்து ஒப்பிடுவது, எடை, வேகம், சக்தி போன்ற அளவுகளுக்கும் விலைக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக்கிக் கணிப்பது, ஒவ்வொரு பாகத்தையும் வேலை நேரத்தையும் கீழிருந்து கூட்டுவது, ஓடும் திட்டமாக இருந்தால் இதுவரை ஆன உண்மைச் செலவிலிருந்து நீட்டிப் பார்ப்பது. திட்டம் கருவில் இருக்கும்போது முதல் இரண்டும், வளர்ந்த பிறகு பின் இரண்டும் பொருந்தும். நம் நாட்டில் தேவை ஏற்புக் கட்டத்தில், அதாவது இந்தத் தளவாடம் தேவைதான் என்ற முதல் ஒப்புதலை (ஏ.ஓ.என்.) வாங்கும்போது, கையில் இருப்பது பெரும்பாலும் நிறுவனங்கள் தரும் உத்தேச விலைதான். வாங்குபவர் விற்பவரிடமே போய் "எவ்வளவு ஆகும்" என்று கேட்டு அதையே பட்ஜெட்டாக வைப்பது பலவீனமான தொடக்கம். அதனால் உங்கள் தொகுப்பில் எந்த எண் எந்தக் கட்டத்தில், எந்த வழியில் வந்தது என்று ஒரு பத்தியில் கட்டாயம் குறித்துவையுங்கள். சமையலறை அலமாரியில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருந்தாலும் எதில் உப்பு, எதில் சர்க்கரை என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஒரு விஷயத்தில் மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். சென்னையைச் சுற்றி நடக்கும் பாதுகாப்பு உற்பத்திக்கு அதுதான் உயிர். கற்றல் வளைகோடு.

1936இல் டி. பி. ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் ஒன்றைக் கவனித்து எழுதினார். செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு நேரம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது என்பது அது. அவர் பார்த்த விகிதம் சுமார் 20 சதவீதக் குறைவு. இயந்திர வேலை அதிகமான இடங்களில் குறைவு இதைவிடச் சிறியதாக இருக்கும். 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் உருப்படிக்கு 1,000 மணி நேரம் என்றால் இரண்டாவதற்கு 900, நான்காவதற்கு 810, எட்டாவதற்கு 729, பதினாறாவதற்கு 656.

அம்பத்தூர் பட்டறைகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு புதிய கியர் உறை வேலைக்கு வரும். முதல் வாரம் பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸர் சரியாக உட்காராது, ரிஜெக்ஷன் குவியும், டர்னர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். மூன்றாவது மாதத்தில் அதே ஆள் பேசிக்கொண்டே முடித்துப்போடுவார். ஆர்டர் நின்று ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்ப வந்தால், அந்த டர்னர் ஒரகடம் பக்கம் ஏதோ கார் கம்பெனிக்குப் போயிருப்பார், ஃபிக்ஸர் துருப்பிடித்துக் கிடக்கும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். கற்றுக்கொண்டதற்கு வளைகோடு இருப்பதுபோல மறந்ததற்கும் ஒரு வளைகோடு உண்டு. இந்த இரண்டாவதைப் பெரும்பாலான மாடல்கள் சேர்ப்பதே இல்லை.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அர்ஜுன் டாங்கிக்கு 2000இல் 124 வண்டிகளுக்கு ஆர்டர் வந்தது. அடுத்து, மேம்படுத்திய மார்க்-1ஏ வகையில் 118 வண்டிகளுக்கான ஆர்டர் 2021 செப்டம்பரில் வந்தது. இரண்டு ஆர்டருக்கும் நடுவே 21 வருஷம். இப்படிப்பட்ட இடைவெளியை உங்கள் மாடலில் இரண்டு தனி ஆர்டர்களின் கூட்டலாகப் போட்டால், தொழிற்சாலையிலும் அதை நம்பியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளிலும் நடப்பது எதுவுமே தெரியாது. அதே எண்ணிக்கையைச் சிறிய வருடாந்திரத் தொகுதிகளாகத் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து மையங்களோடு 2019இல் தொடங்கப்பட்டது. அதன் வெற்றியும் இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது என்று நான் திடமாக நம்புகிறேன். சலுகை கொடுத்துப் பட்டறையைத் திறக்க வைக்கலாம். ஆர்டரில் தொடர்ச்சி இல்லாவிட்டால் அதைத் திறந்து வைத்திருக்க முடியாது.

அதே 118 வண்டி ஒப்பந்தத்தை வைத்து ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்த மதிப்பு 7,523 கோடி. வகுத்தால் வண்டிக்குச் சுமார் 64 கோடி வருகிறது. இப்படி வகுத்து வந்த எண்ணை வெளிநாட்டு டாங்கியின் விலையோடு பக்கத்தில் வைத்து விவாதிப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு ஒப்பந்தங்களிலும் உதிரிபாகம், பயிற்சி, பராமரிப்புக் கருவிகள், வெடிபொருள் ஆகியவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துச் சமப்படுத்தாமல் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. உங்கள் தரவுத்தளத்தில் பழைய ஒப்பந்தங்களைச் சேர்க்கும்போது பாதி நேரம் இந்தச் சமப்படுத்தலுக்குத்தான் போகும். போகட்டும், வீண் இல்லை.

மதிப்பீடுகள் எவ்வளவு தூரம் நகரக்கூடும் என்பதற்கு நம் நாட்டு உதாரணங்களே போதும். அர்ஜுன் உருவாக்கத் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு 15.50 கோடி. 1995இல் உருவாக்கக் கட்டம் முடிந்தபோது 305.60 கோடி. இருபது வருஷப் பணவீக்கம் இதில் ஒரு பங்கு. படை கேட்ட தகுதிகள் இடையில் மாறிக்கொண்டே போனது இன்னொரு பங்கு. கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கு 2002இல் முதலில் ஒப்புதலான தொகை 3,261 கோடி. 2014இல் திருத்தப்பட்ட மதிப்பீடு 19,341 கோடி, ஏறக்குறைய ஆறு மடங்கு. 2022 செப்டம்பரில் கப்பல் படையில் சேர்ந்தது.

விக்ரமாதித்யாவின் கதை இன்னும் தெளிவாகப் பாடம் சொல்லும். ரஷ்யாவின் பழைய விமானந்தாங்கிக் கப்பலைப் புதுப்பித்துத் தர 2004இல் சுமார் 974 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம். வேலை தொடங்கிக் கப்பலைப் பிரித்த பிறகுதான் மாற்ற வேண்டிய கேபிள்களும் தகடுகளும் எவ்வளவு என்று தெரிந்தது. பேச்சுவார்த்தை நீண்டு கடைசியில் விலை 2.35 பில்லியன் டாலர் ஆயிற்று. 2008இல் வர வேண்டியது 2013 நவம்பரில் படையில் சேர்ந்தது. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீட்டைப் புதுப்பித்தவர்களைக் கேளுங்கள். சுவரை உடைத்தபிறகுதான் உள்ளே குழாய் அரித்திருப்பது தெரியும். புதிதாகக் கட்டுவதைவிடப் புதுப்பிப்பதில் மதிப்பீட்டின் விரிவு அதிகம் என்பதை மாடலில் தனி வகையாகவே வைக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒற்றை எண்ணைக் கொடுக்காமல் ஒரு விரிவைக் கொடுங்கள். குறைந்தபட்சம் இவ்வளவு, பெரும்பாலும் இவ்வளவு, மோசமானால் இவ்வளவு. மேல் பக்கம் எப்போதும் நீளமாக இருக்கட்டும், ஏனென்றால் செலவு குறைவதற்கு ஒரு எல்லை உண்டு, கூடுவதற்குக் கிடையாது. இந்த விரிவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான முறை எண்களை எடுத்துக் கூட்டிப் பார்ப்பதுதான் மான்டே கார்லோ முறை. எக்செல்லிலேயே செய்யலாம்.

இந்த இடத்தில்தான் தொகுப்பாகப் பார்ப்பதன் உண்மையான பலன் வருகிறது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். பத்துத் திட்டங்கள், ஒவ்வொன்றும் 1,000 கோடி, ஒவ்வொன்றிலும் மதிப்பீடு வழக்கமாக விலகும் அளவு, அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 200 கோடி என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக இரண்டு பக்கமும் சமமான பரவல். பத்தில் எட்டு வாய்ப்பில் போதுமான பணம் வேண்டும் என்றால் ஒரு திட்டத்துக்கு 168 கோடி கூடுதலாக ஒதுக்க வேண்டும். பத்துத் திட்ட இயக்குநர்களும் தனித்தனியாக ஒதுக்கினால் மொத்தக் கூடுதல் 1,680 கோடி. ஆனால் பத்தும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால், ஒன்றில் ஏறுவதை இன்னொன்றில் இறங்குவது ஈடுகட்டும். மொத்தத் தொகுப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 530 கோடி இருந்தாலே அதே நிச்சயம் கிடைத்துவிடும். மிச்சம் 1,150 கோடி. கேட்டதும் சந்தோஷமாக இருக்கும்.

அவசரப்பட வேண்டாம். திட்டங்கள் தொடர்பில்லாதவை என்பது உண்மை அல்ல. எல்லாவற்றிலும் இறக்குமதிப் பாகம் இருக்கிறது, எல்லாமே டாலர் விலைக்கு ஆடும். 2011 நடுவில் ஒரு டாலர் 45 ரூபாய் பக்கம் இருந்தது, 2013 ஆகஸ்டில் 68ஐத் தொட்டது. அந்த இரண்டு வருஷத்தில் எந்தத் திட்டம் எந்தத் திட்டத்தை ஈடுகட்டியிருக்கும்? ஒரே கப்பல் தளத்தில் மூன்று கப்பல், ஒரே எஞ்சின் நிறுவனத்தை நம்பி இரண்டு விமானத் திட்டம் என்றால் தாமதமும் சேர்ந்தே வரும். திட்டங்களுக்கு இடையே 0.3 அளவு தொடர்பு (பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுக்கச் சேர்ந்தே ஆடும்) இருப்பதாக வைத்து அதே கணக்கைப் போட்டால் தேவை சுமார் 1,020 கோடியாக ஏறிவிடுகிறது. தனித்தனியாக ஒதுக்குவதைவிட அப்போதும் 600 கோடிக்கு மேல் மிச்சம்தான், ஆனால் 530 என்று நம்பி இறங்கியிருந்தால் பாதிதான் கையில் இருந்திருக்கும். ஆகவே மாடலில் தொடர்பு எண்ணைப் பூஜ்யமாக விட்டுவிடாதீர்கள். டாலர், எஃகு விலை, சம்பளக் கமிஷன், பொதுவான சப்ளையர் என்ற நான்கு காரணிகளைத் தனியாக வைத்து, ஒவ்வொரு திட்டமும் அவற்றில் எதை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்று எழுதினாலே பெரும்பகுதி தொடர்பு தானாக மாடலுக்குள் வந்துவிடும்.

அடுத்தது வாங்கிய பிறகு ஆகும் செலவு. யானை வாங்குவதற்குத்தான் கொள்முதல் குழு உட்காருகிறது, தீனிக்கும் பாகனுக்கும் வேறு தலைப்பில் பணம் வருகிறது. மூலதனம் ஒரு மானியக் கோரிக்கை (நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் தனித் தலைப்பு), வருவாய்ச் செலவு இன்னொரு மானியக் கோரிக்கை, ஓய்வூதியம் மூன்றாவது. முப்பது வருஷம் ஓடும் ஒரு தளவாடத்துக்கு இயக்கமும் பராமரிப்பும் வாங்கிய விலையைத் தாண்டிப் போவது சாதாரணம். அமெரிக்காவின் எஃப்-35 விமானத்துக்குப் பராமரிப்பு மட்டும் அதன் ஆயுள் முழுவதும் ஒன்றரை டிரில்லியன் டாலருக்கு மேல் ஆகும் என்று அந்நாட்டின் தணிக்கை அமைப்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் ஷீட்டில் ஒவ்வொரு கொள்முதல் வரிசைக்கும் கீழே ஒரு பராமரிப்பு வரிசை இருக்க வேண்டும், அது ஒப்படைப்பு வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும், அந்தத் தளவாடத்தை ஓட்டும் ஆட்களின் சம்பளமும் அதில் வர வேண்டும். 2013இல் நம் தரைப்படையின் மலைப்பகுதித் தாக்குதல் படைப்பிரிவுக்குச் சுமார் 64,678 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. பிறகு பணம் இல்லாமல் அது பாதியிலேயே மந்தமானது. படை எழுப்புவதும் ஒரு கொள்முதல்தான், அதற்கும் வருஷாவருஷம் தீனி உண்டு என்பதற்கு அது உதாரணம்.

இப்போது முடிவெடுக்கும் இடத்துக்கு வருவோம். நான்காவது வருஷத்தில் தேவை 14,000 கோடி, வரக்கூடிய ஒதுக்கீடு 11,000 கோடி என்று உங்கள் மாடல் காட்டுகிறது. என்ன செய்யலாம்? எல்லாத் திட்டத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு என்பதுதான் வழக்கமான முடிவு. யாருக்கும் மனவருத்தம் இருக்காது, எல்லாருக்கும் சமம். ஆனால் செலவு ரீதியாக அதைவிடக் கெட்ட முடிவு குறைவு. ஒரு தொழிற்சாலையின் நிலையான செலவு வருஷத்துக்கு 120 கோடி என்றால், 30 வண்டி செய்யும்போது ஒரு வண்டியின் மேல் 4 கோடி ஏறும். வேகத்தைப் பாதியாக்கி 15 வண்டி செய்தால் 8 கோடி. கூரையும் கரண்டும் காவலும் அப்படியேதான் இருக்கும். எல்லாத் திட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மெதுவாக்கினால் எல்லாமே விலை ஏறும், எதுவும் சீக்கிரம் வராது.

இங்கே மாடல் நான்கு வழிகளையாவது பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இன்னும் கையெழுத்தாகாத ஒரு பெரிய திட்டத்தை இரண்டு வருஷம் தள்ளினால் முகடு எவ்வளவு குறையும், பணவீக்கத்தால் எவ்வளவு கூடும். ஒரு திட்டத்தின் எண்ணிக்கையைக் குறைத்தால் கற்றல் வளைகோட்டில் என்ன இழப்பு. ஒன்றை முழுவதும் கைவிட்டால் இதுவரை செலவழித்ததும் ரத்துக் கட்டணமும் எவ்வளவு, எந்தத் திறன் கையை விட்டுப் போகிறது. பழைய தளவாடத்தை இன்னும் ஐந்து வருஷம் இழுத்தால் பராமரிப்பு எப்படி ஏறும். தேர்வு செய்வது தளபதிகளும் அமைச்சகமும்தான். எந்தத் திறன் நாட்டுக்கு முக்கியம் என்று கணக்காளரால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு தேர்வின் விலையும் அவர்கள் முன்னால் இல்லாவிட்டால், அதிகம் சத்தம் போட்ட பிரிவுக்குப் பணம் போகும்.

மற்ற நாடுகளைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். பிரிட்டன் பத்து வருஷத் தளவாடத் திட்டத்தை முழுத் தொகுப்பாக வெளியிட்டது. 2023 டிசம்பரில் அவர்களுடைய தணிக்கை அலுவலகம் அதில் 16.9 பில்லியன் பவுண்ட் பற்றாக்குறை இருப்பதாகச் சொன்னது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அந்தத் தொகை அல்ல. கப்பற்படை தான் எதிர்பார்க்கும் செலவையெல்லாம் காட்டியிருந்தது, தரைப்படையோ தனக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு மட்டும் காட்டியிருந்தது. ஒரே அட்டவணையில் இரண்டு விதி. அப்படிப்பட்ட அட்டவணையில் மொத்தம் என்ற வரிக்கு மதிப்பே இல்லை. உங்கள் முப்பது திட்டங்களுக்கும் ஒரே விலை வருஷம், ஒரே டாலர் அனுமானம், எது உள்ளே எது வெளியே என்பதில் ஒரே விதி என்பதை முதல் நாளே எழுதி எல்லாரிடமும் ஒப்பம் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, அமெரிக்காவில் திட்டத்தை நடத்துபவரும் செலவை மதிப்பிடுபவரும் வேறு வேறு. 2009இல் வந்த சட்டத்தின்படி பாதுகாப்புத் துறைக்குள்ளேயே தனியாக ஒரு மதிப்பீட்டு அலுவலகம் இருக்கிறது, அதன் தலைவரை செனட் சபை உறுதி செய்ய வேண்டும். ஒரு திட்டத்தின் யூனிட் செலவு முதல் மதிப்பீட்டிலிருந்து 50 சதவீதம் ஏறினால் தேசப் பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது என்று சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் ரத்து. நன்-மெக்கர்டி விதி என்று பெயர். 2024இல் சென்டினல் ஏவுகணைத் திட்டம் 81 சதவீதம் ஏறி இந்த விதியில் மாட்டியது. சான்று கொடுத்து, 140.9 பில்லியன் டாலர் மதிப்பீட்டில் தொடர அனுமதித்தார்கள். ஏற்றத்தை விதி தடுக்கவில்லைதான். ஆனால் ஏறியது என்பதை மறைக்க முடியாமல் செய்தது. நம் ஊரில் ஒருங்கிணைந்த நிதி ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தைக் குழு விற்பவரின் விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே அடிப்படை விலையை நிர்ணயிக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அவை ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. தொகுப்பு முழுவதையும் வருஷா வருஷம் சுயேச்சையாக மதிப்பிட்டு நாடாளுமன்றக் குழுவிடம் வைக்கும் ஓர் அலுவலகம் நமக்கும் வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் வேலைக்கு வருகிறேன். முப்பது திட்டங்களுக்கும் ஒரே ஆழத்தில் மாடல் போட உட்காராதீர்கள். விலை வாரியாக அடுக்கினால் முதல் ஏழெட்டுத் திட்டங்களே மொத்தத் தொகையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு உழைப்பைக் கொட்டுங்கள், மற்றவற்றுக்கு உத்தேச வடிவம் போதும். முடிவை ஒரே பக்கத்தில் கொடுங்கள்: வருஷவாரி முகடு, ஒதுக்கீட்டுக் கோடு, விரிவு, நான்கு தேர்வுகள்.

கடைசியாக ஒன்று. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வருஷா வருஷம் மதிப்பீட்டைத் திருத்தும்போது அதே ஃபைலில் பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுதி வந்தோம். ஏழு வருஷத்தில் ஒரு திட்டத்தின் செலவு இரட்டிப்பானது. ஏன் என்று மேலிடம் கேட்டபோது டாலரா, தகுதி மாற்றமா, தாமதமா, முதலிலேயே குறைத்துப் போட்டதா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் முதல் கணக்கு அழிந்துபோயிருந்தது. மூன்று பேர் இரண்டு மாதம் பழைய கடிதங்களைத் தேடி அதைத் திரும்பக் கட்டினோம், பாதிதான் முடிந்தது. நீங்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு நகல் எடுத்து, அதில் தேதி போட்டு, அனுமானங்களை எழுதிப் பூட்டி வைத்துவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து அடுத்த தொகுப்புக்கு விரிவு போடும்போது, "நம் மதிப்பீடுகள் வழக்கமாக எவ்வளவு தவறுகின்றன" என்ற எண் அந்த நகல்களிலிருந்துதான் கிடைக்கும்.